மொரீஷியஸ் மீன் கடைக்காரர்களுக்கு: நீலச் சொட்டு மருந்தை நீட்டுவதற்கு முன் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

போர்ட் லூயிஸிலிருந்து மஹேபூர் வரை கண்ணாடித் தொட்டிகளையும் பிளாஸ்டிக் டப்பாக்களையும் அடுக்கி வைத்து மீன் விற்கிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். வாங்குவதைவிட வேடிக்கை பார்ப்பதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிற ஆள், பெட்டா என்கிற சண்டை மீனின் டப்பாவை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து வாலையே உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிற ஆள். எரிச்சலாகத்தான் இருக்கும், தெரியும். ஆனாலும் பல வருஷமாக உங்கள் கடைகளுக்கு வந்து போகிற உரிமையில் ஒரு விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன்.

யாராவது வந்து "என் பெட்டாவின் துடுப்பு கிழிஞ்சு போச்சு" என்று சொன்ன உடனே அலமாரியிலிருந்து மெத்திலீன் புளூ என்கிற நீல மருந்து பாட்டிலை எடுத்து நீட்டுகிறீர்களே, அந்தப் பழக்கத்தை விடுங்கள். மருந்தே விற்காதீர்கள் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் தொட்டி எத்தனை லிட்டர், தண்ணீர் எத்தனை டிகிரி, கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். கேட்க அரை நிமிஷம் ஆகாது. பத்துக்கு எட்டுப் பேர் சொல்கிற பதிலிலேயே மீனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துவிடும், பாட்டிலைத் திறக்கவே வேண்டியிருக்காது.

துடுப்பு பிய்ந்திருந்தால் அது நோய்தான் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் கோளாறு. பெட்டாவின் துடுப்பு என்பது மெல்லிய கதிர்கள், நடுவில் அதைவிட மெல்லிய சவ்வு, அவ்வளவுதான். கூர்மையான பிளாஸ்டிக் செடியில் உரசினாலே கிழியும். அப்படிக் கிழிந்தது கதிர்களுக்கு நடுவே நேராக ஒரு பிளவாக இருக்கும், ஓரம் நிறம் மாறாது, நேற்று இல்லாதது இன்று இருக்கும், அதற்கு மேல் பெரிதாகாது. இதற்கு மருந்து வேண்டாம். அந்தச் செடியை வெளியே எடுத்துப் போட்டு, தண்ணீரைச் சுத்தமாக வைத்திருந்தால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். நீங்கள் விற்கிற அந்தப் பிளாஸ்டிக் கோட்டை, கப்பல், மண்டை ஓடு எல்லாவற்றின் மேலும் பழைய நைலான் சேலைத் துண்டு ஒன்றை இழுத்துப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே வாலும் மாட்டும். (அந்த மண்டை ஓட்டை யார்தான் வாங்குகிறார்களோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.)

அழுகல் வேறு மாதிரி. ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே வரும். ஓரம் கருத்தோ சிவந்தோ இருக்கும், சில சமயம் வெளுத்து நூல் நூலாகத் தொங்கும், நாலு நாள் கழித்துப் பார்த்தால் வால் குட்டையாகியிருக்கும். பாட்டிலில் ஃபின் ராட் என்று போட்டிருப்பது இதைத்தான். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள் இதைச் செய்கின்றன. இந்தப் பாக்டீரியாக்கள் எங்கிருந்தோ வந்து தாக்குவதில்லை, எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பவைதான். தெம்பாக இருக்கிற மீனை அவை ஒன்றும் செய்வதில்லை. தண்ணீரில் மீன் கழிவின் அம்மோனியா ஏறி, உடம்பு குளிர்ந்து, மீன் சோர்ந்து போன பிறகுதான் ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பிக்கின்றன. அப்படியென்றால் மருந்தை ஊற்றிவிட்டு அதே தண்ணீரில் அதே குளிரில் மீனை விட்டால் என்ன நடக்கும்? அடுத்த வாரமும் அதே வாடிக்கையாளர் வருவார், அடுத்த பாட்டில் விற்கும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, இதைத்தான் கடைகளில் அதிகம் தப்பாகச் சொல்கிறார்கள். ராத்திரி முழுசாக இருந்த வால் காலையில் கடித்த பிஸ்கட் மாதிரி அரைவட்டமாக ஒரு துண்டு இல்லாமல் இருக்கும். ஓரத்தில் கருப்பும் இருக்காது, சிவப்பும் இருக்காது. மீன் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டது அது. வாய் எட்டுகிற இடத்தில் மட்டும்தான் காயம் இருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஹாஃப்மூன், ரோஸ்டெயில் மாதிரி பெரிய வால் வகைகளில் இது சகஜம். 180 டிகிரிக்கு விரிய வேண்டும், மடிப்பு மடிப்பாகத் தொங்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து, இத்தனூண்டு உடம்பால் இழுக்க முடியாத பாரத்தை வாலில் கட்டி விட்டிருக்கிறோம். தாய்லாந்தின் வயல்களிலும் சேற்றுக் குட்டைகளிலும் இருக்கிற இதன் காட்டு உறவுக்கு அப்படி ஒரு வாலே கிடையாது, குட்டைத் துடுப்போடு சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும். அலுப்பாலும் கடிக்கும், பக்கத்து டப்பாவில் இருக்கிற ஆண் மீனைப் பார்த்துப் பார்த்து வந்த எரிச்சலிலும் கடிக்கும். இதற்கு எந்த பாட்டிலிலும் மருந்து இல்லை. முதல் தடவை மீன் வாங்குகிறவருக்கு, அதுவும் சின்னப் பிள்ளைக்கு, ரோஸ்டெயிலைக் கையில் கொடுப்பதற்குப் பதில் குட்டை வால் பிளாகாட்டைக் காட்டுங்கள் என்பேன். அழகு கொஞ்சம் குறைவு என்று முகம் சுளிப்பார்கள், ஆனால் மீன் பிழைக்கும்.

அப்புறம் சேதமே இல்லாததைச் சேதம் என்று நினைத்து ஓடி வருகிறவர்களும் உண்டு. கிரவுன்டெயிலின் வால் பிறப்பிலேயே முள் முள்ளாகத்தான் நீட்டிக்கொண்டிருக்கும். மார்பிள் வகை வளர வளர நிறம் மாறிக்கொண்டே போகும், ஓரம் திடீரென்று கருக்கும். இவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். சொல்லாமல் மருந்து விற்பது நியாயமில்லை, அவ்வளவுதான்.

சரி, இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன குளிர்காலத்தில் க்யூர்பிப்பில் இருக்கிற என் அக்கா மகள் போன் பண்ணினாள். "மாமா, கடையில ஃபின் ராட்னு சொல்லி சொட்டு மருந்து கொடுத்தாங்க, தினமும் போடுறேன், வால் இன்னும் கரைஞ்சுக்கிட்டே போகுது." போய்ப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், மூன்று லிட்டர்கூட பிடிக்காது, தண்ணீர் துணிக்குப் போடுகிற நீலம் கரைத்த நிறத்தில் இருந்தது. கிண்ணத்தின் அடியில் கல், கல் மேல் மீன், துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மூச்சு வாங்க மட்டும் மேலே வரும், ஒரு வாய் காற்றை விழுங்கும், திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். வால் ஓரம் முழுக்க கருஞ்சிவப்பாக, ஒழுங்கில்லாமல் இருந்தது. தெர்மாமீட்டரை விட்டேன், 18 டிகிரி. அம்மோனியா பார்க்கலாம் என்று சோதனைச் சொட்டைப் போட்டால் தண்ணீரே நீலமாக இருப்பதால் நிறத்தை வைத்து எதையும் படிக்க முடியவில்லை. அதாவது மருந்தே நோயின் காரணத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

அந்தக் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அது முக்கியமும் இல்லை, ஏனென்றால் அதே கிண்ணத்தையும் அதே சொட்டையும் தீவில் எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம். அந்தப் பெண் கேட்டிருக்கிறாள், ஹீட்டர் வேணுமா என்று. "மொரீஷியஸ் சூடான நாடு, எதுக்கு ஹீட்டர்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த ஒரு வாக்கியத்தால் செத்த மீன்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். நம் வானிலை நிலையம் சொல்கிற கணக்கையே எடுத்துக்கொள்வோம். தீவின் கோடைக்காலச் சராசரி வெப்பம் 24.7 டிகிரி, குளிர்காலச் சராசரி 20.4, ஜூலை ஆகஸ்ட் இரவுகளில் சராசரியாக 16.4 வரை இறங்குகிறது. இது கடற்கரையும் மேடும் சேர்த்த கணக்கு, மேட்டு ஊர்களான க்யூர்பிப், வாக்வா பக்கம் எப்படி இருக்கும் என்று அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக் கேளுங்கள். பெட்டாவுக்கு வேண்டியது 25-லிருந்து 28. நம் கோடையின் சராசரியே அதன் கீழ்ப்படியைத் தொடவில்லை. மீனுக்குச் சொந்த உடம்புச் சூடு கிடையாது, தண்ணீர் குளிர்ந்தால் செரிமானமும் குளிரும், நோய் எதிர்ப்பும் குளிரும், பட்ட காயம் ஆறாது. ஒரு சின்ன 25 வாட் ஹீட்டர் இருபது லிட்டர் தொட்டியைத் தாராளமாகத் தாங்கும். போர்ட் லூயிஸில் இருக்கிறவருக்கு அது வருஷத்தில் சில மாதம்தான் வேண்டியிருக்கும், மேட்டு ஊர்க்காரருக்குப் பெரும்பாலான மாதங்களில் வேண்டும். வாங்க வருகிறவரிடம் நீங்க எந்த ஊர் என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

இன்னொன்று, நம் வீடுகளின் தண்ணீர். பாதி வீடுகளில் மொட்டை மாடித் தொட்டிதான். தண்ணீர் நேரத்துக்கு மட்டும் வருகிற அக்டோபர் நவம்பரில் எல்லாரும் அதைத்தான் நம்பியிருக்கிறோம். மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுடும், விடிகாலையில் திறந்தால் கை விறைக்கும். அந்தத் தண்ணீரை அப்படியே பிடித்து மீனுக்கு ஊற்றுகிறார்கள். ஐந்தாறு டிகிரி ஒரே அடியாக ஏறி இறங்கினால் மீன் என்ன ஆகும். குளோரின் எடுக்கிற சொட்டு வேறு போட வேண்டும். ஒரு வாளியில் பிடித்து, சொட்டைப் போட்டு, தொட்டித் தண்ணீரும் வாளித் தண்ணீரும் தொட்டால் ஒரே சூடாக இருக்கும் வரை வைத்திருந்து பிறகு மாற்றுங்கள் என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். கடைக்காரர் சொன்னார் என்றால் வீட்டில் மறுபேச்சு இல்லை.

புயல் நாட்களில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். பெட்டாவைப் பற்றி அப்போது பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். காற்றை நேராக விழுங்கி மூச்சு விடுகிற உறுப்பு அதற்கு இருக்கிறது, காற்று மோட்டார் நின்றாலும் சமாளிக்கும், புயல் வருவதும் கோடையில்தான். தீனியை நிறுத்திவிட்டு, மூடியைக் காற்றுப் போகிற மாதிரி போட்டு விட்டால் போதும். ஜூலை மாதக் குளிர்தான் அதற்குப் புயல்.

க்யூர்பிப் மீனுக்கு என்ன ஆயிற்று என்றால், நீலத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித் தெளிய வைத்து, பதினைந்து லிட்டர் தொட்டி, ஹீட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே மூடி. தொட்டி புதிது என்பதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றச் சொன்னேன். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நல்ல பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலைந்து வாரம் ஆகும், அதுவரை நம் கைதான் ஃபில்டர். மருந்து எதுவும் இல்லை. சில வாரத்தில் வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய விளிம்பு தெரிந்தது. அவள் உடனே பயந்துபோய் "மாமா, பூஞ்சை வந்துடுச்சு" என்று போட்டோ அனுப்பினாள்.

இதையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். புதிதாக வளர்கிற துடுப்பு முதலில் நிறமே இல்லாமல்தான் வரும், நிறம் பின்னால்தான் ஏறும். அதைப் பூஞ்சை என்று நினைத்து மறுபடி மருந்தோடு கிளம்புகிறவர்கள் நிறைய. பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி புசுபுசுவென்று வெளியே நிற்கும். புது வளர்ச்சி துடுப்போடு சமமாக, கண்ணாடித்தாள் மாதிரி வழுவழுப்பாக இருக்கும். அந்தச் சவ்வு எளிதில் கிழியும், அப்போது மீனைத் தொந்தரவு பண்ணாமல் விடுவதுதான் வைத்தியம்.

மருந்து வேண்டிய நேரம் இல்லையா என்றால் இருக்கிறது. அழுகல் துடுப்பைத் தின்று முடித்து உடம்பின் அடிவரை வந்துவிட்டால், வாயிலும் முதுகிலும் வெள்ளைப் படலம் படர்ந்தால், நாள் கணக்கில் இல்லாமல் மணிக்கணக்கில் பரவினால் தண்ணீர் மட்டும் போதாது. அடிவரை அரித்த துடுப்பு திரும்ப முளைப்பதும் சந்தேகம். அப்போது தனி டப்பாவில் வைத்து மருந்து கொடுக்க வேண்டியதுதான், முடிந்தால் மீன் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேட்டு. ஆனால் மெத்திலீன் புளூவை மெயின் தொட்டியில் ஊற்றச் சொல்லாதீர்கள், அது ஃபில்டரில் இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும், பிறகு அம்மோனியா ஏறி அடுத்த சுற்று அழுகல் தொடங்கும். ஆண்டிபயாட்டிக் மாத்திரையைப் பாதியாக உடைத்து "இதை ரெண்டு நாள் போடுங்க" என்று கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அரைகுறை மருந்தில் பாக்டீரியா சாவதில்லை, பழகிக்கொள்கிறது. உப்பு போடலாம், லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில், பத்து நாளுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது, அதனால் மாற்றிய தண்ணீரின் அளவுக்கு மட்டும்தான் திரும்ப உப்பு. கைப்பிடி அளவெல்லாம் ரசத்துக்கு.

இப்போது உங்கள் அலமாரிக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பல மீனின் துடுப்பு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் முன்பே கெட்டுப்போகிறது. சின்னப் பையில், கொஞ்சூண்டு தண்ணீரில் அடைத்து விமானத்தில் வருகிற மீன் அது. பைக்குள் கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் அமிலமாகி, புளித்திருக்கும், அந்தப் புளிப்பால்தான் சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காமல் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், புளிப்பு குறையும், அதே அம்மோனியா விஷமாக மாறும். பையைத் திறந்துவைத்துவிட்டு மணிக்கணக்கில் மிதக்க விடுவது அதனால்தான் ஆபத்து. சூட்டுக்கு மட்டும் மூடிய பையைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, திறந்ததும் சீக்கிரம் நல்ல தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதன் பிறகு அரை லிட்டர் டப்பாவில் வாரக்கணக்கில் நிற்கிறதே, அந்தத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாறுகிறது? டப்பா மூடியில் மீன் வந்த தேதியையும் கடைசியாகத் தண்ணீர் மாற்றிய தேதியையும் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். காசு செலவு இல்லை. இரண்டு டப்பாவுக்கு நடுவில் ஒரு அட்டையைச் சொருகுங்கள். நாள் முழுக்க எதிரியைப் பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டே நிற்கிற மீன் வாலைக் கடிக்காமல் என்ன செய்யும். வாங்குகிறவர் கேட்டால் அட்டையை எடுத்து ஒரு நிமிஷம் காட்டிவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம், வாலும் விரியும், வியாபாரமும் நடக்கும்.

பதாமியே இலையை, அதாவது நாட்டு வாதுமை இலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வந்த காய்ந்த இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நல்ல விலைக்கு விற்கிறீர்கள். நம் கடற்கரையிலும் பள்ளிக்கூட முற்றத்திலும் கோவில் வாசலிலும் சிவந்து பழுத்து விழுந்து காலில் மிதிபடுகிற அதே இலை. சாலை ஓரத்து மரமாக இல்லாமல், பூச்சி மருந்து அடிக்காத இடமாகப் பார்த்து, தானாக விழுந்து பழுப்பாகக் காய்ந்ததைப் பொறுக்கி, கழுவி, இன்னும் கொஞ்சம் வெயிலில் வைத்தால் போதும். பதினைந்து இருபது லிட்டருக்கு ஒன்று. தண்ணீர் தேநீர் நிறமாகும், மீன் அமைதியாகும், சின்னக் காயங்களுக்கு உதவும். முற்றிய அழுகலை இது குணப்படுத்தாது, அப்படிச் சொல்லி விற்கவும் வேண்டாம். ஆனால் உங்கள் டப்பா ஒவ்வொன்றிலும் கைவிரல் அளவு ஒரு துண்டு போட்டு வைப்பதற்கு என்ன தடை?

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "மீன் விலையைவிட ஹீட்டரும் தொட்டியும் அதிகம், அதைச் சொன்னா வந்த ஆள் அப்படியே திரும்பிப் போயிடுவார்." உண்மைதான், சிலர் போவார்கள். வாடகை, கரண்ட், வருகிற வழியில் செத்துப்போகிற சரக்கு, எல்லாம் உங்கள் தலையில்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கிண்ணத்தோடு வாங்கிப்போய் அடுத்த மாதம் மீனைச் சாகக் கொடுத்தவர் உங்களிடம் வேறு எதுவும் வாங்கப் போவதில்லை, "மீன் வளர்க்கிறது நமக்கு ராசி இல்லை" என்று முடித்துவிடுகிறார். மீன் பிழைத்தவர்தான் தீனிக்கு வருகிறார், ஃபில்டருக்கு வருகிறார், பிறகு இரண்டாவது தொட்டிக்கு வருகிறார். என் அக்கா மகள் இப்போது அனுபியாஸ் செடி எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பழைய கடைக்குப் போகமாட்டேன் என்கிறாள், வேறு கடையைச் சொல்லுங்கள் என்கிறாள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. மூடியில் தேதி, நடுவில் அட்டை, மருந்துக்கு முன்னால் அந்த மூன்று கேள்வி. இதைச் செய்கிற கடை எதுவாக இருந்தாலும் அங்கே போங்கள் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். இலை பொறுக்க நேரமில்லை என்கிறவர்களுக்கு நானே கொண்டுவந்து தருகிறேன், காசு வேண்டாம். டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள் யார் என்று உங்களுக்குத்தான் தெரியுமே, அடுத்த தடவை வரும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.